ஷோகேஸ்ல வெளுத்துப்போன ஈய மாடுகள்: குலசேகரம் பக்கத்து ஒரு வீட்டு கேஸ்

இத எழுதச் சொன்னதே அந்த வீட்டு சார் தான். "பேரு மட்டும் போடாதீங்க தம்பி, மத்தத எல்லாம் அப்படியே எழுதுங்க, நாங்க பண்ணினத வேற யாராவது பண்ணிரப்பிடாது"ன்னாரு. அதனால பேர் இல்ல, எந்த ஊருன்னும் சொல்லல, குலசேகரத்துல இருந்து கொஞ்ச தூரம்னு மட்டும் வச்சுக்கோங்க. நான் நாகர்கோவில்ல ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல வேலை பாக்குறவன், இருபது வருஷமா பழைய பொம்மை மிருகங்கள் சேர்க்குறேன். இதுல நான் பண்ணின தப்பும் இருக்கு, அதையும் எழுதிருக்கேன்.

பின்னணி

சாருக்க தாத்தா நெய்யூர் பக்கம் ஒரு வெள்ளைக்கார மிஷனரி பங்களாவுல குசினிக்காரரா இருந்தவரு. சுதந்திரத்துக்கு கொஞ்சம் முன்னாடி அந்தக் குடும்பம் இங்கிலாந்துக்கு திரும்பினப்போ பிள்ளைங்க விளையாடின பொம்மைங்கள ஒரு தகரப்பெட்டியில போட்டு தாத்தா கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. பசு, எருது, வண்டிக்குதிரை, பன்றி, செம்மறி ஆடு, வாத்து, வான்கோழி, அப்புறம் காட்டு மிருகம்னு யானை, சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, கங்காரு. எண்ணிப் பாத்தா 47. அதுல 41 ஈயம். மீதி 6 ஜெர்மன்காரன் செஞ்சது, மரத்தூளையும் பசையையும் குழைச்சு கம்பிக்கூடு மேல அப்பி செய்றது, அடியில எலாஸ்டோலின்னு முத்திரை இருக்கும்.

ஈயத்துல முக்கால்வாசி லண்டன் பிரிட்டன்ஸ் கம்பெனி சரக்கு. இந்தப் பக்கம் சேர்க்குறவங்களுக்கு தெரிஞ்சது தான், 1893ல உள்ள பொள்ளலா வார்க்குற முறைய அவங்க கொண்டு வந்தாங்க, உருக்கின ஈயத்த அச்சுல ஊத்தி ஓரம் மட்டும் உறைஞ்சதும் மிச்சத்த கவுத்து வெளிய எடுத்துர்றது. ஈயம் மிச்சம், பொம்மையும் கனம் இல்ல. முதல் உலகப்போர் முடிஞ்சு பட்டாள பொம்மை ஜனங்களுக்கு சலிச்சுப்போன நேரம், 1920கள்ல பண்ணை மிருகங்கள இறக்குனாங்க, நல்லா ஓடுச்சு. 1966ல ஈய பொம்மை செய்றதையே நிறுத்திட்டாங்க. அதனால நம்ம ஜில்லாவுல ஒரே வீட்ல 41 கிடைக்கறதெல்லாம் லேசுப்பட்ட விஷயம் இல்ல.

ஒண்ணு இங்கயே சொல்லிடுறேன், ஈயம்னதும் நம்ம ஆளுங்க ரசம் வைக்கிற ஈயச்சொம்ப நினைச்சு "அதுல சாப்பிடுறோமே ஒண்ணும் ஆகலியே"ம்பாங்க. அது வெள்ளீயம், வேற உலோகம். இது காரீயம், வலையில கட்டுற ஈயம், விஷம்.

பெட்டி எழுபது வருஷம் பரண்ல கிடந்துச்சு. பழைய வேட்டித்துணிய கிழிச்சு ஒவ்வொண்ணா சுத்தி வச்சிருந்தாங்க, சாருக்க அம்மா செஞ்ச வேலை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயல்ல வீட்டு முன்னால நின்ன பலா மரம் ஓட்டு மேல சாஞ்சுது. அந்தப் புயல்ல எங்க ஜில்லாவுல ரப்பர் மரம் விழுந்தத பாத்தவங்களுக்கு தெரியும், தோட்டம் தோட்டமா தீக்குச்சி மாதிரி முறிஞ்சு கிடந்துச்சு. பரண் சாமான் எல்லாத்தையும் இறக்குனப்போ இந்தப் பெட்டியும் இறங்குச்சு. திறந்து பாத்தா அத்தனையும் பெயிண்டோட, பளிச்சுன்னு. அந்த வருஷம் தான் பேத்தி பொறந்திருக்கா, வீட்டையும் எடுத்துக் கட்டுறாங்க, அப்போ ஹால்ல ஒரு ஷோகேஸ் போட்டு இதுகள வைக்கலாம்னு முடிவு பண்ணிருக்காங்க. 2018 ஏப்ரல்ல ஷோகேஸ் ரெடி. பிளைவுட், வெளிய மைக்கா ஒட்டினது, உள்ள தட்டு எல்லாம் வார்னிஷ் மட்டும், முன்னாடி தூசி போகாத மாதிரி இறுக்கமா கண்ணாடிக் கதவு. பாக்க அம்சமா தான் இருந்துச்சு.

வெளுப்பு ஆரம்பிச்சது

2019 ஜூன்ல, மழை பிடிச்ச நேரம், டீச்சரம்மா தான் முதல்ல பாத்திருக்காங்க (சாரும் டீச்சரம்மாவும் ரெண்டு பேருமே ஸ்கூல் வேலை பாத்து ரிட்டையர் ஆனவங்க). பசு வயித்துலயும் ஆட்டுக்கால்லயும் வெள்ளையா ஏதோ பூத்திருக்கு. பூசணம்னு நினைச்சுட்டாங்க. மழைக்காலத்துல இங்க செருப்புல, பெல்ட்ல, எல்லாத்துலயும் பூசணம் பிடிக்கும், அதனால அப்படி நினைச்சதுல தப்பே இல்ல.

அடுத்து செஞ்சது தான் வினை. "வெளக்கு தேய்க்கிற புளியவே வச்சு தேய்ச்சேன் தம்பி, ஒடனே பளபளன்னு வந்துது. மறு வாரம் பாத்தா முன்னவிட வெளுத்துக் கெடக்கு. பின்ன சார் சொன்னாரு தேங்காண்ண போட்டா பிடிக்காதுன்னு, அதையும் போட்டேன்."

பித்தளைக்கு புளி சரி. ஈயத்துக்கு புளிப்பு எதுவுமே ஆகாது, புளி, எலுமிச்சம்பழம், வினிகர் எதுவும். மேல இருக்குற வெள்ளைய எடுத்துரும், ஆனா அடியில புது ஈயத்த திறந்து விட்டுட்டு பிசுபிசுன்னு ஆசிட் கறையையும் விட்டுட்டுப் போகும். தேங்காண்ணயும் நல்லதில்ல, எண்ணெய் காறக் காற அதுல வர்ற கொழுப்பு அமிலம் ஈயத்தோட சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு படலம் ஆகிரும். இப்படி ரெண்டு மாசத்துல மூணு தடவை தேய்ச்சிருக்காங்க. ஒரு பன்றிக்கு கண்ணு, வாய் எதுவும் இல்ல, பெயிண்ட் மொத்தமா போயிடுச்சு.

நான் போய் பாத்தது

2019 செப்டம்பர்ல ஒரு பழக்கக்காரர் மூலமா என்ன கூப்பிட்டாங்க. போற வழியில நினைச்சது என்னமோ துத்தநாக வியாதியா இருக்கும்னு, பழைய டைகாஸ்ட் பொம்மைங்களுக்கு வர்றது, ஆனா பிரிட்டன்ஸ் பண்ணை மாடு துத்தநாகம் இல்ல, ஈயம், அதுக்கு அது வராதே. ஷோகேஸ திறந்ததுமே வாடை அடிச்சுது, புது மர வாடையும் லேசா ஒரு புளிப்பும்.

ஒரு பசுவ கையில எடுத்தேன், கிளவுஸ் போட்டு தான். வெள்ளையும் பழுப்புமா திட்டு போட்ட பசு, மேய்ற மாதிரி தலைய தாழ்த்தி நிக்கிறது. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. கவுத்தா வயித்துல இங்கிலாந்துன்னு இருக்க வேண்டிய எழுத்துல பின் பாதி இல்ல, அந்த இடத்துல சாக்பீஸ் தூள் மாதிரி ஒரு குமிழ், ஊதினா பறக்குது. பின்னங்கால் ஒண்ணுல பெயிண்ட் முழுசா இருக்கு, ஆனா விரல் வச்சா உள்ள அமுங்குது. பெயிண்ட் மட்டும் தான் கால் மாதிரி நிக்குது, உள்ள ஈயம் தூளா போயிடுச்சு. இத எழுதும்போதும் எனக்கு அந்தக் கால் ஞாபகம் வருது.

ஜெர்மன் சிங்கத்துக்கு வேற கதை, உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதி மேல பிளந்திருக்கு, அது ஈரத்தால வந்தது. மருமகன் கல்ஃப்ல இருந்து கொண்டு வந்த பிவிசி மிருகங்கள் சிலது அதே தட்டுல கண்ணாடியோட ஒட்டிக்கிட்டு பிசுபிசுன்னு இருந்துச்சு, அதுகள தனியா எடுத்து வைக்கச் சொன்னதோட சரி.

நான் அந்த பசுவ பாத்துட்டு இருக்கும்போதே பேத்தி ஓடி வந்து கீழ் தட்டுல கைய விட்டு ஒரு ஆட்டுக்குட்டிய எடுத்து நேரா வாயில வச்சுது. ரெண்டு வயசு. டீச்சரம்மா சிரிச்சுக்கிட்டே, "அவளுக்கு இந்த ஆடுன்னா உயிரு, சப்பிக்கிட்டே இருப்பா"ன்னாங்க. எனக்கு வயித்த கலக்கிடுச்சு. ஈயத்துல ஆசிட் பட்டு முதல்ல வர்ற உப்பு, ஈய அசிட்டேட், இனிக்கும். அதுக்காகத்தான் சப்பினான்னு நான் சொல்ல வரல, ரெண்டு வயசு பிள்ளை எதையும் சப்பும், ஆனா துப்ப வைக்கிற ருசி அதுல இல்லங்கறது தான் பயம்.

முதல் முடிவு: பொம்மைய விட பிள்ளை

அன்னைக்கு பொம்மைங்கள பத்தி அதுக்கு மேல ஒண்ணும் பேசல. ஆட்டுக்குட்டிய பிடுங்கி, வாயும் கையும் சோப்பு போட்டு கழுவி, பிள்ளைய மாமி வீட்டுக்கு அனுப்பியாச்சு. ஷோகேஸ பூட்டி சாவி சார் கையில. ஹால வாரியலால கூட்டாதீங்கன்னு சொன்னேன், கூட்டினா அந்தத் தூள் காத்துல எழும்பி மறுபடியும் எல்லா இடத்துலயும் படியும். ஈரத்துணியில சோப்புத்தண்ணி தொட்டு துடைக்கறது, துணிய அலசாம கவர்ல கட்டி தனியா வைக்கறது. புளி போட்டு தேய்ச்ச நாரு குசினியில தொட்டி பக்கத்துல தான் கிடந்துச்சு, அதையும் எடுத்தாச்சு.

மறு நாளே குழந்தை டாக்டர பாத்தாங்க. ரத்தத்துல ஈயம் பாக்குறதுக்கு விரல்ல குத்தி எடுக்காம நரம்புல இருந்து எடுக்கச் சொல்லணும், விரல்ல தூள் ஒட்டியிருந்தா கணக்கு தப்பா ஏறிரும். லேப்ல எடுத்து வெளியூருக்கு அனுப்பி ஆறு நாள் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு, ஒரு டெசிலிட்டருக்கு 7.8 மைக்ரோகிராம். அப்போ அமெரிக்காவோட நோய்த்தடுப்பு மையம் சிடிசி வச்சிருந்த எல்லைக்கணக்கு 5 (2021ல அத 3.5 ஆக்கிட்டாங்க). மருந்து குடுத்து ஈயத்த இறக்குற வைத்தியம் 45க்கு மேல போனா தான், அதனால டாக்டர் சொன்னது ஈயத்த வீட்ட விட்டு ஒதுக்குங்க, இரும்புச்சத்தும் கால்சியமும் நல்லா குடுங்க, மூணு மாசத்துல திரும்ப பாக்கலாம். டிசம்பர்ல 4.3 வந்துச்சு. அந்த மூணு மாசமும் டீச்சரம்மா சரியா தூங்கலன்னு சார் பின்னால ஒரு நாள் சொன்னாரு. அவங்களையும் பாக்கச் சொல்லி நான் சொல்லிருக்கணும், தேய்ச்சது அவங்க தானே, அப்போ எனக்கு அது தோணல. 2020 ஜனவரியில தான் பாத்தாங்க, குறைவா தான் இருந்துச்சு, அது அதிர்ஷ்டம்.

என் மூக்கு சொன்ன பொய்

பிள்ளை விஷயம் ஒரு கட்டுக்கு வந்ததும் ஏன் வெளுக்குதுன்னு பாக்க ஆரம்பிச்சேன். ஈயம் சும்மா காத்துல இருந்தா மங்கும், அவ்வளவு தான், அந்த மங்கலே அதுக்கு ஒரு போர்வை. இப்படி தூளா பூக்கணும்னா காத்துல ஆசிட் ஆவி இருக்கணும், ஈரமும் இருக்கணும். ஆவி ஈயத்த தின்னு உப்பாக்கும், காத்துல இருக்குற கரியமில வாயு அந்த உப்ப வெள்ளை ஈயமா மாத்திட்டு ஆசிட்ட திரும்ப விடுவிச்சிரும், அது மறுபடி போய் ஈயத்த தின்னும். அதனால தான் கொஞ்சூண்டு ஆவி போதும், வேலை நிக்காது. முந்தின காலத்துல ஹாலந்துக்காரங்க வெள்ளை பெயிண்ட் செஞ்சதே இப்படித்தான், ஈயத்தகட்ட வினிகர் பானை மேல வச்சு சாணிக்குள்ள புதைச்சிருவாங்க, சில மாசத்துல வெள்ளையா உரிச்சு எடுப்பாங்க.

சரி, இந்த வீட்ல ஆசிட் எங்க இருக்கு? ரப்பர் வீட்ல இத கேக்கவே வேண்டாம். சாருக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர், காலையில வெட்டுக்காரர் பால் கொண்டு வந்ததும் ட்ரேயில ஊத்தி தண்ணி சேர்த்து ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வச்சு, மறுநாள் ரோலர்ல போட்டு ஷீட் அடிக்கிறது. அந்த ஆசிட் கேன் ரெண்டு கார் நிக்கிற போர்டிகோவுல, ஹால் ஜன்னலுக்கு நேர் கீழ. மூடியும் சரியா இல்ல. பக்கத்துல போனா மூக்குல ஏறுது. எனக்கு அப்பவே கேஸ் முடிஞ்சுபோச்சு. "இதுதான் சார்"ன்னு அடிச்சு சொல்லிட்டேன். அக்டோபர் முதல் வாரம் கேன் எல்லாம் தோட்டத்து ஷெட்டுக்கு போச்சு, மிருகங்கள மெத்துன பிரஷால வெளிய வச்சு, மாஸ்க் போட்டு தட்டி, திரும்ப அதே ஷோகேஸ்ல வச்சோம்.

அஞ்சு வாரத்துல மறுபடியும் பூத்துடுச்சு. நல்லா இருந்த கங்காரு வாலும் சேர்த்து.

அந்த அஞ்சு வாரம் நான் தொலைச்சது. வாடை வர்றது ஒண்ணு, வியாதி வர்றது ஒண்ணுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாம போச்சு, அதுவும் லேப்ல இருக்குறவனுக்கு.

வலை ஈயம் வச்சு பாத்த சோதனை

மியூசியங்கள்ல ஒரு சாமான ஷோகேஸ்ல வைக்கிறதுக்கு முன்னாடி அந்த ஷோகேஸ் மரம், துணி, பசை எல்லாம் நல்லதா கெட்டதான்னு பாக்க ஒரு சோதனை உண்டு. பிரிட்டிஷ் மியூசியத்துல இருந்த ஆடின்னு ஒருத்தர் 1973ல சொன்னது. சந்தேகப்பட்ட பொருள கொஞ்சம் ஈரத்தோட கண்ணாடிக் குப்பியில போட்டு கூடவே வெள்ளி, செம்பு, ஈயம் மூணு துண்டும் போட்டு 60 டிகிரியில 28 நாள் வைப்பாங்க. ஈயம் வெளுத்தா அந்தப் பொருள்ல இருந்து ஆசிட் வருதுன்னு அர்த்தம்.

60 டிகிரிக்கு நான் எங்க போவேன், வீட்டுச் சூட்டுலயே பாக்கலாம்னு நினைச்சேன். ஈயத்துக்கு கொளச்சல் போனேன். வலையில கட்டுற ஈயம் ஒரு கிலோ வாங்கி பத்து பன்னெண்ட தண்ணியில நனைச்சுக்கிட்டே உப்புத்தாள் போட்டு தேய்ச்சு வெள்ளி மாதிரி ஆக்கினேன் (காஞ்சு போய் தேய்க்கப்பிடாது, தூள் பறக்கும்). பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் நாலு. ஒண்ணுல ஷோகேஸ் முதுகுப் பக்கம் அறுத்த பிளைவுட் துண்டு, ஒண்ணுல பழைய வீட்டு தேக்கு ஜன்னல் துண்டு, ஒண்ணுல தகரப்பெட்டியில இருந்த வேட்டித்துணி, ஒண்ணுல எதுவுமே இல்ல. நாலுலயும் நனைச்ச பஞ்சு கொஞ்சம், ஈயம் நூல்ல தொங்கும், எதையும் தொடாது. இதுபோக மூணு ஈயம் சும்மா காத்துல, ஷோகேஸ்க்குள்ள ஒண்ணு, ஹால் சுவர்ல ஒண்ணு, ஷெட்ல ஒண்ணு. ஹால்ல பாக்குறதுக்காக ஒரு ஆசிட் கேன திரும்ப போர்டிகோவுல பழைய இடத்துலயே கொண்டு வந்து வைக்கச் சொன்னேன், சார் சிரிச்சுட்டாரு, "எடுத்துட்டுப் போகச் சொன்னதும் நீங்க, கொண்டு வரச் சொல்லதும் நீங்களா?"ன்னு. பிள்ளை அப்பவும் மாமி வீட்ல தான்.

நவம்பர் நடுவுல தொங்கவிட்டது. ஷெட்டுல இருந்தது நாலாம் நாளே வெளுத்துச்சு, அது எதிர்பார்த்தது. பிளைவுட் பாட்டில் பதினோராம் நாள், ஓரத்துல இருந்து வெள்ளையா படர ஆரம்பிச்சுது. ஷோகேஸ்க்குள்ள இருந்தது பதினாறாம் நாள். தேக்கு பாட்டில்ல நாலு வாரத்துல லேசா ஒரு மூட்டம். ஆனா ஹால் சுவர்ல, ஜன்னலுக்கு ரெண்டு முழம் தள்ளி, கீழ ஆசிட் கேனோட ஒரு மாசம் தொங்கின ஈயம் மங்கினதோட சரி, வெள்ளை ஒரு பொட்டு இல்ல. வேட்டித்துணி பாட்டிலும் காலி பாட்டிலும் அப்படியே.

அதாவது போர்டிகோ ஆசிட் ஆவி காத்தோட போயிருது, ஹாலுக்குள்ள வெளுக்க வைக்கிற அளவு வரல. பிளைவுட் ஒட்டுற பசையும், மரமும், புது வார்னிஷும் விடுற ஆவி தான் அந்த இறுக்கமான கண்ணாடிக்குள்ள வெளிய போக வழியில்லாம தேங்கிருக்கு. தூசி வரக்கூடாதுன்னு ஆசாரிகிட்ட சொல்லி சொல்லி இறுக்கின கதவு. எழுபது வருஷம் கிழிஞ்ச வேட்டியும் தகரப்பெட்டியும் காப்பாத்தினத ஒரு வருஷத்துல அழகான ஷோகேஸ் தின்னுடுச்சு. சார் அந்த பாட்டில்கள வரிசையா வச்சு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தாரு, ஒண்ணும் பேசல.

என்ன முடிவு, ஏன்

2020 ஜனவரியில எல்லாத்தையும் ஷோகேஸ்ல இருந்து எடுத்தோம். புது ஸ்டீல் பீரோ வாங்கலாம்னாரு, வேண்டாம்னேன், புது பெயிண்டும் ஆவி விடும். வீட்லயே தொண்ணூறுகள்ல வாங்கின பீரோ ஒண்ணு துணி அடைஞ்சு கிடந்துச்சு, அத காலி பண்ணி ரெண்டு வாரம் திறந்து போட்டு, ஒரு வலை ஈயத்த தொங்கவிட்டுப் பாத்து, சுத்தம்னு தெரிஞ்சப்புறம் தான் வச்சோம். தட்டுல துவைச்ச வெள்ளை காட்டன் துணி. மூலைக்கு மூலை சிலிக்கா ஜெல், நிறம் மாறினா சூடாக்கி திரும்ப வைக்கிறதுக்குன்னே ஒரு பழைய தோசைக்கல், அது குசினிக்குள்ள வராது. ஈரப்பதம் பாக்குற சின்ன மீட்டர் ஒண்ணு. ஜூலையில ஹால்ல 88 காட்டும்போது பீரோவுக்குள்ள 50 பக்கம் நின்னுச்சு. ஆசிட் ஆவி மிச்சம் இருந்தா பிடிச்சுக்க ஆக்டிவேட்டட் கார்பன், அதுவும் நம்ம செரட்டையில (தேங்கா ஓடு) இருந்து செய்றது தான், ஆனா வீட்ல எரிச்ச செரட்டைக்கரி அந்த வேலைய செய்யாது, சார் அதையும் முயற்சி பண்ணினாரு.

தூள தட்டினதுக்கு மேல சுத்தம் பண்ணல. சில பேர் இதுக்கு மேல வார்னிஷ் இல்லன்னா நெயில் பாலிஷ் அடிச்சுடுவாங்க. நான் ஒத்துக்கல, உள்ள மாட்டிக்கிட்ட ஆசிட் அடியில வேலைய பாக்கும், வெளிய தெரியவும் தெரியாது. பெயிண்டையும் தொட வேண்டாம்னேன். திரும்ப பெயிண்ட் அடிச்ச மாடு பொம்மை தான், பழைய பொருள் இல்ல. இதுல சாருக்கும் எனக்கும் ஒத்துப்போகல, கண்ணு வாய் இல்லாத அந்த பன்றிக்கு மட்டுமாவது கண்ணு வரைஞ்சுக்கிறேன்னாரு, வரைஞ்சுட்டாரு. அவரு வீட்டு பன்றி.

நடுவுல மார்ச்ல லாக்டவுன் வந்து எனக்கு போக முடியல, ஒன்றரை வருஷம் வாட்ஸப் ஃபோட்டோ தான்.

விக்கப் போனப்போ

2021ல பேத்தி படிப்புக்குன்னு கொஞ்சம் வித்துரலாம்னு சார் யோசிச்சாரு. திருவனந்தபுரத்துல இருந்து ஒரு வியாபாரி வந்தாரு, மொத்தமா எடுக்குறேன்னு நல்ல தொகை சொன்னாரு, ரெண்டு விஷயம் கேட்டாரு. ஒண்ணு, வெளுப்பு இருந்தத சொல்லாம விடுங்க, இப்போ தான் நின்னுருச்சேன்னாரு. இன்னொண்ணு, நெய்யூர்னாலே ஜனங்க எவரெஸ்ட் ஏறப்போன சோமர்வெல் டாக்டர் பேர தான் சொல்லுவாங்க, அவரு வீட்டு பொம்மைன்னு ஒரு பேப்பர் எழுதிக் குடுங்கன்னாரு. சோமர்வெல் 1922லயும் 1924லயும் எவரெஸ்ட் போனவரு, நெய்யூர் ஆஸ்பத்திரியில வருஷக்கணக்கா ஆபரேஷன் பண்ணினவரு, எல்லாம் உண்மை. இந்தப் பெட்டி அவரு வீட்டுதுன்னு மட்டும் ஒரு துண்டுச்சீட்டு கூட கிடையாது. தாத்தா எந்த பங்களாவுல வேலை பாத்தாருன்னு வீட்ல யாருக்கும் நிச்சயமா தெரியாது.

சார் ரெண்டுக்கும் முடியாதுன்னுட்டாரு. அந்த வியாபாரி போயிட்டாரு. அப்புறம் பெங்களூர்ல ஒருத்தர், சேர்க்குறவர், வெளுப்பு ஃபோட்டோ, பாட்டில் ஃபோட்டோ எல்லாம் பாத்துட்டு நல்லா இருந்ததுல 11 எடுத்துக்கிட்டாரு, முதல்ல வந்தவர் சொன்ன கணக்குக்கு உருப்படிக்கு பாதி விலையில. பார்சல்ல மரத்தூளும் நியூஸ் பேப்பரும் வேண்டாம், காட்டன்ல சுத்துங்கன்னு அவரே சொன்னாரு, அதுல எனக்கு அந்த ஆளு மேல ஒரு மரியாதை.

என்ன மிஞ்சுச்சு

41 ஈயத்துல 9 போச்சு, அந்த பசு உட்பட. 14 குழி விழுந்து நின்னுருச்சு. 18 நல்லா இருந்துச்சு, அதுல தான் 11 வித்தது. போன ஒன்பத ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் எடுக்குற கடை) போட வேண்டாம்னு சொன்னேன், அங்க போனா உருக்கி வேற எதையாவது வார்ப்பாங்க, உருக்குற இடத்துல நிக்கிறது யாரோட பிள்ளையோ. பாட்டில்ல அடைச்சு மூடி மெழுகு ஊத்தி, பேர் எழுதி பீரோ மேல் தட்டுல தனியா இருக்கு. கிணத்துப் பக்கமோ தென்னைக்குழியிலயோ புதைக்கறது பத்தி பேச்சே எடுக்க விடல.

ஒரு தடவை திரும்ப வந்துச்சு. 2021 ஜூன்ல யாரோ விருந்தாளிக்கு காட்டுறதுக்கு ஒட்டகச்சிவிங்கிய எடுத்துட்டு, உயரம்ங்கறதால பீரோ தட்டுல நிக்க வைக்க சோம்பல்பட்டு ஒரு ஷூ டப்பாவுல படுக்கப் போட்டிருக்காங்க. அட்டைப்பெட்டியும் ஆசிட் விடும், அதுவும் மூடி போட்டு மழைக்காலத்துல. ரெண்டு மாசத்துல கழுத்துல ஒரு வெள்ளை வளையம். எடுத்து தட்டி பீரோவுக்குள்ள வச்சதும் நின்னுருச்சு, ஆனா அந்த வளையம் தழும்பா இருக்கு.

இப்போ இந்த கேஸ் வந்தா நான் வேற மாதிரி செய்றது இது தான். முதல் நாளே வீட்ல இருக்குற எல்லாருக்கும், தேய்ச்ச ஆளுக்கு முதல்ல, ரத்தம் பாக்கச் சொல்லுவேன். மிருகங்கள அன்னைக்கே காட்டன்ல சுத்தி தகரப்பெட்டிக்குள்ள திரும்ப வச்சிருப்பேன், காரணம் தெரியறதுக்கு முன்னாடியே, ஏன்னா அது எழுபது வருஷம் வேலை செஞ்ச இடம்னு கண்ணு முன்னாடியே தெரிஞ்சுது. வலை ஈயத்த மூக்குக்கு முன்னாடி தொங்கவிட்டிருப்பேன். ஒவ்வொண்ணையும் தங்கம் நிறுக்கிற தராசுல நிறுத்து எழுதி வச்சிருப்பேன், உள்ள பொள்ளலா தின்னுக்கிட்டு இருந்தா மேல தெரியாது, நிறையில தெரியும். அத நாங்க 2020ல தான் ஆரம்பிச்சோம்.

கடைசியா போனது 2023 ஆகஸ்ட்ல. ஷோகேஸ்ல இப்போ எவர்சில்வர் கப்பும் பேத்தி வாங்கின மெடலும் இருக்கு. பீரோ உள் கொக்கியில தொங்குற வலை ஈயம் மங்கிருக்கு, வெள்ளை இல்ல. ஒவ்வொரு மாசம் ஒண்ணாம் தேதியும் சார் அத ஒரு ஃபோட்டோ எடுத்து எனக்கு அனுப்புறாரு, கூட கண்ணு வரைஞ்ச அந்த பன்றியும் ஓரத்துல தெரியற மாதிரி.